திரைக்கு முதுகு காட்டி நின்றவர்

அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவின் ஒரு சினிமா கொட்டகையில் டார்ச் அடித்து இடம் காட்டியவர் அவர். நம்ம திருநெல்வேலிக்காரர். காக்கிச் சட்டை, வெற்றிலை போட்டுச் சிவந்த உதடு. எந்தப் படம் ஓடினாலும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களையே பார்த்து நிற்பார்.

அன்று மத்தியான ஆட்டம், வெளியே பேய்மழை. சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து தொழிலாளிகள் மாட்டிக்கொள்ளும் இங்கிலீஷ் படம், நிஜமாகவே நடந்ததாம். நான் சும்மாவே பயந்தாங்கொள்ளி. தண்ணீர் அவர்கள் கழுத்துக்கு ஏறும்போது கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் என் காலிலும் தண்ணீர். தெரு வெள்ளம் கொட்டகைக்குள் வந்துவிட்டது. இருட்டில் ஆட்கள் முண்டியடித்தார்கள். செத்தோம் என்றே நினைத்தேன்.

டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது.

"அண்ணாச்சி, படத்துல அவங்க பெழச்சிருவாங்களா?" பயத்தில் வாயில் வந்தது அதுதான்.

"எல்லாரும் பெழச்சிருவாங்க. நீரும்தான். என் சட்டையப் பிடியும். பின்னால வாரவன் உம்ம சட்டையப் பிடிக்கட்டும். தள்ளுதவன் கடைசியிலதான் வருவான்."

அதையே இந்தியிலும் சத்தமாகச் சொன்னார். ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து அத்தனை பேரும் ரோட்டுக்கு வந்துவிட்டோம். முழங்கால் தண்ணீரில் நின்று விசில் அடித்தோம்.

"படத்துல எப்படித் தப்பிச்சாங்க, அண்ணாச்சி?"

"எனக்கு என்னவே தெரியும், நான் எப்ப படம் பாத்தேன்? இந்தப் படம் முடிஞ்சா எல்லா மூஞ்சியும் இப்ப உம்ம மூஞ்சி இருக்க மாதிரில்லா வெளிய வருது."

முகத்தைத் தொட்டுப் பார்த்தேன். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மீதிப் படத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. பயம் வரும்போதெல்லாம் அந்த ஈரக் காக்கித் துணி என் கைக்குள் வந்துவிடுகிறது.