ஆணியில் மாட்டிய தாள்

1. மல்லிகா காலையில் கேஸ் சூளையின் பர்னரைப் பற்றவைத்தார்.
2. உள்ளே தேங்கியிருந்த கேஸ் குப்பென்று தீயாக வெளியே பாய்ந்தது.
3. அவருடைய இடது கண் போயிற்று.
4. அவர் பார்த்துச் செய்த வழிமுறைத் தாளை எழுதியவள் நான்.

நேற்று விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் இயந்திரத்தின் சூடான பிளாஸ்டிக் வாடை அடித்ததும் இந்த வரிசை மனதில் ஓடியது. மளிகைச் சீட்டுக்கும் எண் போடுகிறவள் நான். துக்கமும் எனக்கு அப்படித்தான் வரும்.

டிப்ளமா முடித்துச் செராமிக் கம்பெனியில் சேர்ந்த முதல் வருடம். சூளையைப் பார்த்துக்கொண்டவர் தமிழரசி அக்கா. எட்டாவது வரை படித்தவர். அந்த வேலைக்கு அங்கே வந்த முதல் பெண். கப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, மார்க்கரால் ஐந்து வரி எழுதி மாட்டியிருந்தார். வரிக்கு ஒரே வேலை. முதல் வரி மட்டும் இரண்டு பங்கு பெரிது: ‘ப்ளோயர் போடு. அஞ்சு நிமிசம் நில்லு.’ ப்ளோயர் காற்றடித்து, உள்ளே தேங்கிய கேஸை வெளியேற்ற அந்த ஐந்து நிமிடம்.

ஆடிட் வருகிறது என்றார்கள். நான் வழிமுறைத் தாளைக் கணினியில் அழகாகத் தயாரித்து, லேமினேஷனும் போட்டேன். லோகோ, ஆவண எண், நோக்கம், பொறுப்பாளர் என்று முன்பக்கத்தில் பாதி போயிற்று. மீதியில் பற்றவைக்கும் முறை. ப்ளோயர், ‘பாதுகாப்புக் குறிப்புகள்’ என்ற தலைப்போடு பின்பக்கம் போனது.

அக்கா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்மா டிப்ளமா, ஆணியில மாட்டுனா பின்பக்கத்தப் பல்லியா படிக்கும்?”

“ஆடிட்டுக்கு இப்படித்தாங்க்கா இருக்கணும்.”

“அப்ப அவங்களயே வந்து பத்தவைக்கச் சொல்லு.”

சிரித்துக்கொண்டே அட்டையைக் கழற்றி, அதே ஆணியில் தாளை மாட்டினேன்.

அடுத்த மாதம் அக்கா ஒரு சாவுக்காகத் திட்டக்குடி போயிருந்தார். மல்லிகா வேலைக்கு வந்து ஒரு வாரம்தான். முன்பக்கத்தை ஒரு வரி விடாமல் படித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கட்டுக்குள்ளிருந்து என்னிடம் சொன்னார்: “எழுதியிருந்ததத்தாங்க செஞ்சேன்.”

திரும்பி வந்த அக்கா திட்டவில்லை. “அந்த அட்டைய எங்க போட்ட?” என்றார். குப்பையில், என்றேன். அதன்பின் அவர் என்னை டிப்ளமா என்று கூப்பிடவேயில்லை.

கம்பெனி மூடிவிட்டது. சூளை பழைய இரும்புக்குப் போயிற்று. தாளில் பிழையில்லை, பணியாளரின் கவனக்குறைவு என்று எழுதிய விசாரணை அறிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டேன். மல்லிகா நல்லூரில் இருக்கிறார். தவறு இன்றுவரை அவர் பேரில்தான் இருக்கிறது.