ரசத்துக்கு ரெண்டு தடவை உப்பு

திருப்பாதிரிப்புலியூர்ல புஷ்பவள்ளி கைச் சாப்பாடு சாப்பிடாதவங்க கொஞ்சம் பேர்தான். ஆனா அது அவ கைப்பக்குவம்னு ரொம்ப வருஷம் யாருக்கும் தெரியாது. போர்டுல 'கண்ணாயிரம் சமையல்'னுதான் இருந்துச்சு. கண்ணாயிரம் அவ புருஷன். தங்கமான மனுஷன், காய் நறுக்குறதுல கெட்டிக்காரன், சமைக்கச் சொன்னா சுடுதண்ணி வைப்பான். வீட்டுச் சட்டியில பொங்கினா பொம்பள வேலை, அதையே அண்டாவுல பொங்கினா ஆம்பள வேலைன்னு ஊரு எப்பவோ முடிவு கட்டிருச்சே, என்ன பண்றது. பொம்பள மாஸ்டர்னா ஆர்டர் வராதுன்னு அவன் பேரை எழுதச் சொன்னதே புஷ்பவள்ளிதான்.

ரெண்டாயிரத்து ஒம்போது தை மாசம் சிதம்பரத்துல ஒரு கல்யாணம் கிடைச்சுது. அவங்க எடுத்ததிலேயே பெருசு. இதுல பேர் கெட்டா அப்புறம் அந்தப் பக்கமே தலைகாட்ட முடியாது.

புஷ்பவள்ளி ரசத்துக்கு இறக்குற நேரத்துலதான் உப்பு போடுவா. அது அவ பழக்கம். பாயசத்துக்கு முந்திரி வறுக்க அவ அந்தாண்ட போன நேரம் பார்த்து, பொண்ணோட மாமா சடையப்பன் வந்தார். ரசத்தைக் கையில ஊத்திக் குடிச்சுப் பார்த்துட்டு, "என்ன மாஸ்டர், உப்பே இல்லியே"ன்னு கண்ணாயிரத்தைக் கேட்டார். சுத்தி நாலு ஆம்பளைங்க. இருங்க, பொண்டாட்டியக் கேட்டுச் சொல்றேன்னு சொல்ல அவனுக்கு வாய் வரல. உப்பை அள்ளிப் போட்டுட்டான். போட்டதை அவகிட்ட சொல்லவும் வெக்கம். அவ வந்து, வழக்கம்போல தன் பங்குக்கு உப்பைப் போட்டு அண்டாவை இறக்கிட்டா.

பந்தியில சாம்பார் ஓடிக்கிட்டிருக்கு. ரசத்தை நாக்குல வச்ச புஷ்பவள்ளி, உப்பு கரிக்குதேன்னு புருஷனைத் திரும்பிப் பார்த்தா.

"நானும் போட்டுட்டேன் புள்ள"ன்னான் கண்ணாயிரம், தரையைப் பார்த்துக்கிட்டு.

திட்ட ஏது நேரம். "சாம்பாரை இன்னொரு சுத்து விடுங்கப்பா. ஏங்க, அந்த வெந்நீரைத் தூக்குங்க"ன்னு அவ ஒருத்தியா நின்னு ஆட்டி வச்சா. மிச்சப் பருப்புத் தண்ணி, தக்காளிச் சாறு, புதுசா இடிச்ச மிளகு சீரகம், மறுபடி ஒரு தாளிப்பு. ஒரு அண்டா ரசம் ரெண்டு அண்டாவாச்சு. பந்தியில அதைக் கை குழிச்சு வாங்கிக் குடிச்சாங்க ஜனங்க.

சாப்பாடு முடிஞ்சு, தாம்பாளத்துல வேட்டி துண்டோட சடையப்பன் வந்தார். நல்லா சமைச்ச மாஸ்டருக்குத் துண்டு போர்த்துறது அவங்க வழக்கம். துண்டை விரிச்சதும் கண்ணாயிரம் பின்னாடி நகர்ந்துட்டான்.

"எனக்கு வேணாங்க. ரசத்தைக் கெடுத்தவன் நான், காப்பாத்துனவ அவ. இத்தினி வருஷமா எல்லா சமையலும் அவளுதுதான்."

சடையப்பன் துண்டும் கையுமா முழிச்சார். பொம்பள தோள்ல எப்படிப் போர்த்துறது, யார் போர்த்துறது? பொண்ணோட அம்மா லோகநாயகி, "இப்படிக் குடு, நான் போடுறேன்"னு வாங்கி புஷ்பவள்ளி தோள்ல போர்த்துனாங்க.

"வயிறு நெறஞ்சுது மாஸ்டர்"ன்னாங்க.

அந்த ஒரு வார்த்தைக்கு புஷ்பவள்ளி தேம்பித் தேம்பி அழுதா.

இப்ப போர்டுல அவ பேருதான். எந்த மண்டபத்துக்குப் போனாலும் அந்தத் துண்டு தோள்ல கிடக்கும். தைப்பூசத்துக்கு வடலூர் போனா லோகநாயகிக்காக ஒரு கும்பிடு, புருஷனுக்காக ஒரு கும்பிடு போடுவா. அப்புறம் அந்த ரசத்துக்கும் ஒண்ணு. உப்பு கரிச்சதுக்கு சாமிக்கு நன்றி சொல்ற சமையக்காரி ஒலகத்துலயே அவ ஒருத்தியாத்தான் இருப்பா.