தொடையில் பூசிய கோப்பித்தூள்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சுவிஸில் ஷ்லீரன் என்ற ஊரில் ஒரு சாமத்திய வீடு, யாரோ ஒரு பிள்ளை பெரியவளான கொண்டாட்டம். மண்டபத்தின் பின்னறையில் பெண்கள் எல்லோரும் சேலை கட்டிக்கொண்டிருந்தோம். உள்பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற என் பதினாறு வயது மகளின் தொடையை என் மச்சாள், கணவரின் அக்கா, எல்லார் முன்னாலும் கிள்ளினார்.

“என்ன பிள்ளை, இந்த வயசிலேயே தோடம்பழத் தோல் மாதிரிக் குழி குழியாக் கிடக்கு? இப்பவே கரைக்கோணும். மாமியிட்டக் கிறீம் இருக்கு.”

இருக்காமல் என்ன? மச்சாள் கொண்டாட்டங்களுக்கு வருவதே கார் நிறையக் கிறீமோடுதான். முதலில் பயத்தைப் பூசுவார், பிறகு கிறீமை விற்பார். சபையில் மூத்தவரோடு சண்டை வேண்டாமென்று நான் சேலை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன்.

லிம்மாத் ஆறே கதியென்று கிடந்த பிள்ளை, அதன்பிறகு வெயில் கொளுத்தியும் ஆற்றுப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் குளியலறையில் பார்த்தேன். தொடை முழுக்கக் கோப்பித்தூள், அதற்கு மேல் சாப்பாடு மூடுகிற பிளாஸ்டிக் தாள். மாமியிடம் வாங்கிய கிறீம் சரிவரவில்லையாம், இணையத்தில் இப்படிப் போட்டிருந்ததாம். தேய்த்துத் தேய்த்துத் தோல் புண்ணாகியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போனேன். அந்தச் சுவிஸ்க்கார அம்மா பொறுமையாக விளக்கினார். தோலைக் கீழே பிடித்திழுக்கும் நார்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே கொழுப்பு மேலே தள்ளும்போது குழி விழுகிறது. இதுதான் செல்லுலைட். மெலிந்தவர்கள் உட்படப் பெரும்பாலான பெண்களுக்கு உண்டு, நோயே இல்லை. எந்தக் கிறீமும் அதைக் கரைக்காது. பிடித்துவிட்டால் கொஞ்ச நேரம் மறையும். தசை உறுதியானால் குறைவாகத் தெரியும். “நீ நீந்தப் போ,” என்றார்.

வெளியே வந்ததும் மகள் சொன்னாள்: “எங்கட ஆக்கள் எப்பிடிப் பாப்பினம் எண்டு அவவுக்குத் தெரியுமோ?”

வீட்டுக்கு வந்ததும் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். “நான் நல்லதுக்குத்தானே சொன்னனான்,” என்றார்.

“இனி என்ர பிள்ளையில கை வைச்சியள் எண்டால், மச்சாள் எண்டும் பாக்கமாட்டன்!”

கத்திவிட்டு வைத்தேன். ஆனால் ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

அந்த ஞாயிறு மகளை ஆற்றுக்கு இழுத்துப் போனேன். கரையில் சாப்பாட்டுப் பெட்டிகளைக் காவல் காப்பதுதான் அங்கே என் வழக்கம். அன்றைக்கு மேலாடையைக் கழற்றி நீச்சலுடையோடு நின்றேன். நீளக் காற்சட்டையோடு உட்கார்ந்திருந்த மகள் என் கால்களையே பார்த்தாள்.

“அம்மா, உங்களுக்கும் இருக்கு!”

“ஓம். மாமிக்கும் இருக்கு. எல்லாரும் மூடி வைச்சிருக்கிறம், அதுதான் உனக்குத் தெரியேல்லை. வா.”

 மகள் எழுந்து வந்து தண்ணீரில் குதித்தாள், அந்த நீளக் காற்சட்டையோடேயே. என் கோபம் பாதிதான் ஆறியது.