பதினோராவது சுவிட்ச்

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுச் சிற்றூரான நிங்கனில் லிண்ட்சே டாஸ்கரைத் தெரியாதவர்கள் உண்டு, அவனுடைய யூட்டை, பின்னால் திறந்த சரக்குத் தொட்டி வைத்த அந்த வண்டியை, தெரியாதவர்கள் கிடையாது. முன்னால் கங்காரு மோதினாலும் வளையாத இரும்புக் கம்பி, அதன்மேல் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஆறு விளக்குகள், ஐந்து ஆன்டெனா. ஐந்தில் வேலை செய்வது ஒன்றுதான். மற்ற நாலும் எதற்கு என்று அவன் மனைவி நோரீன் ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"அது பாட்டுக்கு நிக்குது. உங்கிட்ட தீனியா கேக்குது?"

வாரமெல்லாம் கிரேடர் ஓட்டிச் செம்மண் சாலைகளைச் சமப்படுத்துவான். சனிக்கிழமையானால் வண்டிக்கு ஏதாவது ஒன்றைப் பொருத்துவான். கியர் குமிழுக்குப் பதில் பில்லியர்ட்ஸ் பந்து, காளை மாதிரி கத்தும் ஹாரன், அடியில் நீல விளக்கு. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வரிசையாகப் பதினோரு சுவிட்ச். எது எதற்கு என்று ஓர் எழுத்துக்கூடக் கிடையாது. குளிர்காலத்தில் எங்கே போவதென்றாலும் பத்து நிமிடம் முன்னாலேயே போய் வண்டியைக் கிளப்பி வைப்பான். "நீ டீயைக் குடிச்சிட்டு மெதுவா வா" என்பான். "போ, போய் அவளைக் கொஞ்சு" என்பாள் நோரீன்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவன் கொடுத்த பரிசைக் கேளுங்கள். அவள் உட்காரும் சீட்டுக்கு ஆட்டுத்தோல் உறை! "உன் சீட்ல ஒண்ணு போட்டிருக்கேன், உக்காந்து பாரு" என்றான். வண்டிக்கு வாங்கிப் போட்டதைப் பெண்டாட்டிக்குப் பரிசு என்றால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஒரு வாரம் அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவனும் அதற்குமேல் அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் வழுக்கி விழுந்ததிலிருந்து குளிரில் குடைந்தெடுக்கும் தன் முதுகுக்கு அந்த ஆட்டுத்தோல்தான் மருந்து என்று பிற்பாடு அவளே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது வேறு விஷயம்.

ஏப்ரலில் அவன் மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. கை கால் மெல்லத் திரும்பின. பேச்சு மட்டும் தாறுமாறாக வந்தது. தண்ணீர் வேண்டுமா என்றால் "செவ்வாய்க்கிழமை" என்பான். மகளின் படத்தைக் காட்டினால் "ஸ்பானர்" என்பான். அங்கே குளிர்காலமான ஜூலையில் டப்போ நகரத்து ஆஸ்பத்திரி டாக்டரம்மா கூப்பிட்டு, சனிக்கிழமைக்குள் முடிவு சொல்லச் சொன்னாள். வீட்டுக்கா, பராமரிப்பு இல்லத்துக்கா?

"அவரு உள்ளுக்குள்ள தெளிவா இருக்காரான்னு கூடவே வாழ்ந்த உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள்.

நோரீனுக்குத் தெரியவில்லை. ஒரு நாள் இருக்கிறான் போலிருக்கும், மறுநாள் இல்லை போலிருக்கும். எதுவும் புரியாதவனை ஒண்டியாக வீட்டில் வைத்துச் சமாளிக்க அவளால் ஆகாது. எல்லாம் புரிகிறவனை இல்லத்தில் கொண்டுபோய்த் தள்ளினால் அந்தப் பாவத்தை எங்கே போய்த் தொலைப்பது?

இந்தக் குழப்பத்தில் யூட்டின் வருடாந்திரப் பரிசோதனை வேறு வந்து நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் மெக்கானிக் கிளாரி பாஸ்கோவிடம் ஓட்டிப்போனாள். கிளாரி ஒரு சுற்றுச் சுற்றி வந்து தலையைச் சொறிந்தான்.

"மேல இருக்கிற ரெண்டு விளக்கைக் கழட்டணும். அது போகட்டும், இத்தனை ஒயர் எங்கெங்கே போகுதுன்னு தெரியாம நான் கையெழுத்துப் போடமாட்டேன், நோரீன். ஒவ்வொண்ணாப் போடு, பாப்போம்."

எஞ்சினை ஓடவிட்டு முதல் சுவிட்சைத் தட்டினாள். காளை கத்தியது. குனிந்திருந்த கிளாரி பானட்டில் நங்கென்று இடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி! சொல்லிட்டுப் போடக்கூடாதா?"

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு!"

இப்படியே பத்துக்கும் விடை கிடைத்தது. பதினொன்றாவதைப் போட்டாள். ஒன்றும் எரியவில்லை, ஒன்றும் கத்தவில்லை. கிளாரி வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். ஒயர் மட்டும் பக்கத்துச் சீட்டுக்கு அடியில் போய் மறைந்தது.

"இதை வெட்டிடலாம். சும்மா கிடக்கிற ஒயர், ஒருநாள் வண்டியையே கொளுத்தும்."

அவளுக்கு மனசு வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நர்ஸ் போனை அவன் காதில் வைத்தாள்.

"லிண்ட்ஸ், கடைசி சுவிட்ச் எதுக்குடா? சீட்டுக்கு அடியில போகுதே, அது."

நீண்ட மூச்சு கேட்டது. "டீ..." என்றான். "டீ... குடி."

"டீ இல்ல. சுவிட்ச்!"

"டீ குடி!" இந்த முறை கோபமாகச் சொன்னான். கோபத்தில் அழுதும்விட்டான்.

அவள் போனை வைத்தாள். அவ்வளவுதான், ஆள் போய்விட்டான், இல்லத்துக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டியதுதான். கிளாரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டிங் பிளேயர் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே நழுவினான்.

ஏப்ரலுக்குப் பிறகு அவள் உட்காராத தன் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, கடைசி சுவிட்சும் போட்டபடியே இருந்தது. வெளியே புல்லெல்லாம் உறைபனி. பாதிக் கோப்பை தாண்டியிருக்கும், முதுகுக்குப் பின்னால் இதமாக ஏதோ பரவியது. டீயின் சூடு என்று நினைத்தாள். டீ எங்கே முதுகுக்குப் போகும்? ஆட்டுத்தோலுக்குள் கையை விட்டாள். தட்டையாக ஏதோ தட்டுப்பட்டது, சுட்டது. குளிர்காலம் முழுக்க அவன் பத்து நிமிடம் முன்னால் வெளியே போய் என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

கிளாரி பிளேயரோடு வந்தான்.

"தொட்டே, கையை ஒடிச்சிருவேன்" என்றாள். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. "அந்த ஒயரை ஒழுங்கா மூடிக் கட்டிக் குடு. வேற எதை வேணும்னாலும் வெட்டிக்கோ."

மறுபடி போன் போட்டாள்.

"லிண்ட்ஸ், டீ குடிச்சிட்டேன்டா. முதுகு சூடாயிருச்சு."

இத்தனை வருடம் கழித்தாவது கண்டுபிடித்தாயே என்கிற மாதிரி "ம்" என்றான்.

"நாளைக்கு வர்றேன், வீட்டுக்குப் போலாம்" என்றாள். "நான்தான் ஓட்டுவேன். நீ என் சீட்ல உக்காரு."