மூன்று எழுத்தும் எதிர் நாற்காலியும்

எனக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு சரி. ஆனாலும் இங்கிலீஷில் மூன்று எழுத்தை எங்கே எழுதியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், வெள்ளைக்காரத் தொரை பங்களாவில் ஆயாவாக இருந்தேன். அவர்களுடைய பெண் பிள்ளையை வளர்த்தது நான்தான். அதைப் படிக்கவென்று சீமைக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். பிள்ளை போன பிறகும் தொரசாணி என்னைக் கொழுந்தெடுக்க மலைக்கு அனுப்பவில்லை. துணி மடிக்க, மேசை துடைக்க என்று வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மழை என்றால் அப்படி ஒரு மழை. கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டது. ரயிலும் ஓடவில்லை. கொழும்புக்குப் போன தொரை அங்கேயே நின்றுவிட்டார். தொரசாணி தனியாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு மத்தியானம், பிள்ளை விட்டுப்போன ஒரு பெட்டியை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தார்கள். எல்லாம் சின்னச் சின்ன மரக்கட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு இங்கிலீஷ் எழுத்து.

"ஆயா, இங்க வா. ஒக்காரு."

தரையில் உட்காரப் போனேன்.

"அங்க இல்ல. நாற்காலி."

தினமும் நான் துடைக்கிற நாற்காலிதான். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தேன். காலை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

கட்டைகளை வைத்து ஒரு வார்த்தை செய்யச் சொன்னார்கள். குசினியில் வரிசையாக டின்கள் நிற்கும், வெள்ளையில் நீல எழுத்து. உப்பு டின், சீனி டின், தேயிலை டின். படிக்கத் தெரியாவிட்டாலும் ஒவ்வொன்றின் முகமும் எனக்குப் பழக்கம். தேயிலை டின்னை நினைத்து மூன்று கட்டையை எடுத்து வைத்தேன். தொரசாணி கைதட்டிச் சிரித்தார்கள்.

பிறகு அந்த மூன்றையும் கலைத்து, இரண்டு கட்டையைக் கூடச் சேர்த்து, "இது தண்ணி. இதுக்குள்ள அந்த மூணும் இருக்கு, பாரு" என்றார்கள்.

"தேத்தண்ணிக்குள்ள தண்ணி இருக்கும் தொரசாணி. தண்ணிக்குள்ள எப்படிங்க தேத்தண்ணி இருக்கும்?"

அவர்களுக்குக் கண்ணில் தண்ணி வரச் சிரிப்பு. எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. முன்னால் நின்றது பின்னால் நிற்கலாமாம், நடுவில் வேறே எழுத்து வரலாமாம், மூன்றும் உள்ளே இருந்தால் போதுமாம். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிரை மாறி நின்றால் கங்காணி என்ன கத்து கத்துவார்! இந்த எழுத்துகளைக் கேட்க ஆளில்லையா என்று நினைத்தேன்.

ஆனால் மண்டைக்குள் அது புகுந்துகொண்டது. மறுநாள் அடுப்புப் பற்றவைக்கும்போது தீப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முதல் வார்த்தையில் மூன்றும் இருந்தன. அடுத்ததிலும் இருந்தன! ஓடிப்போய்க் காட்டினேன்.

"ரெண்டிலும்! நான் பார்க்கவே இல்ல ஆயா!" என்றார்கள்.

அன்றைக்கு அவர்கள் சொல்லாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன், நன்றாகச் சாய்ந்து. ரோடு திறக்கும்வரை தினமும் விளையாட்டுத்தான். அந்த மேசையில் ஆயாவும் இல்லை, தொரசாணியும் இல்லை, விளையாடுகிற இரண்டு பேர் என்று நான் நினைத்துக்கொண்டேன். சமையல் பார்க்கும் அப்பு கினிகத்தேனைச் சிங்களவர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார், தங்கச்சி என்பதை மட்டும் நங்கி என்பார். அவருக்கு இது பொறுக்கவில்லை.

"என்ன நங்கி, இனி ஒனக்கும் நான்தான் சூப் ஊத்தணுமா?"

"ஊத்துங்க அப்பு. உப்பை மட்டும் பார்த்துப் போடுங்க."

ரோடு திறந்தது, தொரை வந்துசேர்ந்தார். பக்கத்துத் தோட்டத்துத் தொரைமார் இரண்டு பேர் சம்சாரங்களோடு விருந்துக்கு வந்தார்கள். நான் கோப்பித் தட்டோடு போனேன். தொரசாணி அவர்களிடம் இங்கிலீஷில் என்னவோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"ஆயா, அந்த மூணு எழுத்து. இவங்களுக்குக் காட்டு."

எல்லா முகமும் என்னைப் பார்த்தது. மீசைக்காரத் தொரை ஒருவர் தன் சிகரெட் டின்னைத் தூக்கி, நாய்க்குட்டிக்கு பிஸ்கட் காட்டுவது போல என் முகத்துக்கு நேரே ஆட்டினார். பார்த்த உடனே மூன்று எழுத்தும் கண்ணில் பட்டன.

"தெரியாதுங்க தொரசாணி."

"தெரியும். போன வாரம்கூடச் செஞ்ச."

"மறந்து போச்சுங்க."

வந்தவர்கள் சிரித்தார்கள். என்னையா, தொரசாணியையா, தெரியவில்லை. தொரசாணியின் கழுத்துச் சிவந்துபோனது. நான் கோப்பியை வைத்துவிட்டு வந்தேன்.

குசினியில் அப்பு கேட்டார். "ஏன் நங்கி, தெரியாதா?"

"தெரியும்."

"பிறகு?"

"பிறகு ஒண்ணுமில்ல."

தொரசாணி என்னைக் கேவலப்படுத்த நினைக்கவில்லை, அது நிச்சயம். என்னைப் பற்றி நாலு பேரிடம் பெருமையாகத்தான் சொன்னார்களோ என்னவோ. அதே எழுத்து, அதே கேள்வி. முந்தின வாரம் உட்கார்ந்துகொண்டு சொன்னேன், அன்றைக்குத் தட்டோடு நின்றேன். அது ஒரு காரணமா? கிழவியான பிறகும் இதை யோசித்துப் பார்க்கிறேன். ஒரு நாள் நான் செய்தது சரி என்று படுகிறது, மறுநாள் பாவம் தொரசாணி என்று படுகிறது.

அதற்குப் பிறகு அவர்கள் என்னை விளையாடக் கூப்பிடவில்லை. மறுபடி மழை பிடித்த ஒரு மத்தியானம் பெட்டியை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தார்கள். எதிர் நாற்காலியைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தார்கள். பிறகு குனிந்துகொண்டு கட்டைகளைத் தனியே அடுக்கினார்கள். நான் கதவடியில் துணி மடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை.

சாயங்காலம் மேசை துடைக்கும்போது அந்த நாற்காலி இழுத்தபடியே இருந்தது. நான்தான் உள்ளே தள்ளி வைத்தேன்.