பூனைத்தோல் பாஞ்சோவும் வெர்லினின் கட்டைவிரலும்

எங்கள் ஓடைக்கரையில் வெர்லின் ஸ்டாம்பர் லாடம் அடித்தால் அது கழன்று விழாது. ஒருமுறை ஒரு கோவேறு கழுதை செத்துப்போய், லாடம் மட்டும் இன்னும் ஒரு வாரம் வேலைக்குப் போய் வந்தது. நான் கண்ணால் பார்த்தேன். அப்படிப்பட்ட கைக்காரன் ஒரு பாஞ்சோவிடம், தோல் கட்டிய ஒரு தந்தி வாத்தியத்திடம், தோற்றுப்போன கதை இது.

அவன் மனைவி ஸெல்லா பிடில் வாசிப்பாள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவள் பிடிலும் அவள் தம்பி லோன்ஸோவின் பாஞ்சோவும் சேர்ந்தால், முழங்கால் பிடித்துக்கொண்ட கிழவர்கள்கூட ஊன்றுகோலை மூலையில் சாத்திவிட்டு ஆட எழுந்து வருவார்கள். அந்த லோன்ஸோ தொலைவில் ஒஹையோவில் இருக்கும் டயர் ஆலையில் வேலை கிடைத்துக் கிளம்பத் தயாரானான். ஸெல்லா பிடிலைத் துடைத்து, சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டாள்.

"பாஞ்சோ இல்லாத பிடிலு ஒப்பாரி மாதிரி. எனக்கு ஒப்பாரி வைக்க ஒருத்தரும் சாகல" என்றாள்.

அன்றிலிருந்து வெர்லினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பிடிலைக் கேட்டுத்தான் அவன் அவளைக் கட்டிக்கொண்டான். ஆணியில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள்தான் பீன்ஸும் சோள ரொட்டியும் தின்பது? கிளம்புவதற்குள் எனக்குச் சொல்லிக் கொடு என்று மச்சானைப் பிடித்துக்கொண்டான்.

எங்கள் பக்கத்தில் யாரும் வாயால் சொல்லிக் கொடுப்பதில்லை. எதிரெதிரே முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார வேண்டும். "பார்த்துக்கோ" என்பதுதான் முதல் பாடம், கடைசிப் பாடமும் அதுதான். இருந்தது ஒரே பாஞ்சோ. லோன்ஸோ வாசிப்பான், வெர்லின் வெறுங்கையால் காற்றில் அதே மாதிரி செய்வான். விரல்களைச் சுத்தியலின் பின்பக்கக் கொக்கிபோல மடக்கி, நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடிக்க வேண்டும். கையை எடுக்கும்போது கட்டைவிரல், மேலே தனியாக இருக்கும் குட்டைத் தந்தியைத் தட்டிவிட வேண்டும். டம் டிட்டி, டம் டிட்டி.

"சுத்தியல் பிடிச்ச கை மச்சான், உனக்குத் தானா வரும்" என்றான் லோன்ஸோ. அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிற பழக்கம். பாஞ்சோவை வெர்லின் மடியில் வைத்துவிட்டுப் பேருந்து ஏறிப் போய்விட்டான்.

வெட்கப்பட்டுக்கொண்டு வெர்லின் சோளக் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பழகினான். அந்தப் பாஞ்சோவில் கட்டியிருந்தது பூனைத்தோல். அவன் ஆரம்பித்ததும் இந்தப் பள்ளத்தாக்கின் பூனைகளெல்லாம் வந்து, துக்கம் கேட்க வந்த உறவுக்காரர்களைப் போல வேலியில் வரிசையாக உட்கார்ந்துகொள்ளும். என் வீட்டு மோர் புளித்தது. பிரசங்கியாரின் நாய் மலையைத் தாண்டி அடுத்த மாவட்டத்துக்கே குடிபோய்விட்டது.

"தட்டினா குட்டைத் தந்தி சிக்கவே மாட்டேங்குது அக்கா. கட்டைவிரல் போற எடத்துல அது இல்ல. லோன்ஸோவுக்கு மட்டும் எப்படித்தான் இருந்துச்சோ" என்று என்னிடம் வந்து புலம்பினான்.

"விரல நீட்டிப் பாரேன்."

"நீட்டிட்டேன். இனிமே நீட்டணும்னா கொல்லன்கிட்டதான் கொடுக்கணும். அந்தக் கொல்லனும் நான்தான்."

வசந்தம் போய்க் கோடை வந்தது. அவன் நகம் தேய்ந்தது, பாட்டு வரவில்லை. ஸெல்லாவும் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகையிலிருந்து சத்தம் கிளம்பினால் பாத்திரங்களைக் கொஞ்சம் பலமாகத் துலக்குவாள், அவ்வளவுதான்.

பிறகு மழை பிடித்தது, விடாத மழை. ஈரத்தில் பூனைத்தோல் நனைந்த ரொட்டிபோலத் தொய்ந்துவிட்டது. அடுப்பு ஓரத்தில் காயவைத்தால்தான் இறுகும். வேறு வழியில்லாமல் பாஞ்சோவைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான். நானும் ஸெல்லாவும் அங்கே பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தோம். தோல் காய்ந்ததும், இறுகிவிட்டதா என்று பார்க்க ஒரே ஒரு தரம் அடித்தான்.

ஸெல்லா தலையை நிமிர்த்தினாள்.

"வெர்லின், அத ஏன் அப்படிப் பிடிச்சிருக்க?"

"எப்படி?"

"கழுத்து ஏன் அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கு?"

"லோன்ஸோ இப்படித்தான் பிடிச்சான்! எனக்கு நேரா உட்கார்ந்து…" என்று எதிரே கையைக் காட்டினான். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது.

எதிரே உட்கார்ந்தவனின் வலக்கை, பார்க்கிறவனின் இடப்பக்கத்தில்தானே இருக்கும்? இவன் இடக்கையால் அடித்துக்கொண்டு, பாஞ்சோவைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். மேலே இருக்க வேண்டிய குட்டைத் தந்தி கீழே, தரையைப் பார்த்துக் கிடந்தது. ஆட்டத்துக்குப் போனபோதாவது பார்த்திருக்கலாமே என்பீர்கள். அங்கே அவன் பாஞ்சோவைப் பார்த்ததே இல்லை, ஸெல்லாவைத்தான் பார்த்தான்.

"அப்போ இத்தன மாசமா நான்…?"

"கண்ணாடிக்குள்ள இருக்கறவன்கிட்ட பாடம் படிச்சிருக்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு பீறிட்டு வந்தது. மடியிலிருந்த பீன்ஸெல்லாம் தரையில் கொட்டியது. லோன்ஸோ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வெர்லின் சிரிக்கவில்லை. பாஞ்சோவைத் திருப்பிப் பிடித்தான். வலக்கைக்கு ஒன்றும் தெரியவில்லை. கற்றுக்கொண்டிருந்த இடக்கைக்கு இப்போது அடிக்க வேலையில்லை. இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"வெட்டி மாத்தி ஒட்டிக்கலாமா ஸெல்லா?"

அவள் எழுந்தாள். ஆணியிலிருந்து பிடிலை எடுத்து, தந்திகளைத் திருகி, "மொதல்ல பாட்டு எப்படிப் போகுதுன்னு கேளு. இந்த எடம்" என்று இரண்டு வரி வாசித்தாள். இரண்டு வரியோடு நிறுத்தத்தான் நினைத்தாள். வில் நிற்கவில்லை. பாட்டு முழுவதும் வந்தது. அதன் பின்னால் இன்னொன்றும் வந்தது. கீழே கிடந்த பீன்ஸ் தாமாகவே உரிந்துகொண்டன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், சொல்லவில்லை. வெர்லின் பாஞ்சோவை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அதுதான். அவன் தப்பாக அடிப்பான், அவள் பிடிலை எடுத்துத் திருத்துவாள். திருத்தல் நீண்டுகொண்டே போகும். ஆட்டத்துக்கு மட்டும் அவள் வரவேயில்லை. கூப்பிட்டவர்களிடம், "எனக்குப் பாஞ்சோக்காரன் இல்ல, ஒரு மாணவன்தான் இருக்கான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கரும்புச்சோளப் பாகு காய்ச்சும் காலத்தில் ஒரு காலை, என் கோவேறு கழுதைக்கு லாடம் அடிக்க வெர்லின் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"வந்துடுச்சு அக்கா. நேத்து மொதல் பாட்டு முழுசா, ஒரு தப்பும் இல்லாம."

"நல்லதுதானே?"

"அதான் போச்சு. 'வந்துடுச்சே, இனி நான் எதுக்கு'ன்னு பிடில மறுபடி ஆணியில மாட்டிட்டா. 'கூட வாசியேன்'னேன். 'லோன்ஸோ வரட்டும்'னா."

லோன்ஸோ வரமாட்டான் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். அவன் அங்கே கல்யாணம் செய்து, வீடும் பிடித்துவிட்டான்.

"மடப்பயலே, இன்னிக்குத் தப்பா அடி" என்றேன்.

குனிந்து ஆணியைத் தேடினான். "கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டேன் அக்கா" என்றான், கழுதையின் குளம்பைப் பார்த்தே.

அன்று சாயங்காலம் ஓடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டம் டிட்டி கேட்டது. கொஞ்ச தூரம் ஒழுங்காக வந்து, திடீரென்று பள்ளத்தில் சக்கரம் இறங்கியதுபோல இடறியது. பின்னாலேயே பிடில் எழுந்தது. என் வேலியிலிருந்த பூனைகூடக் காதைத் திருப்பிற்று.

மறுநாள் அவனிடம், "நல்லா நடிச்சியே" என்றேன்.

தலையைச் சொறிந்தான். "நடிக்கணும்னுதான் நெனச்சேன் அக்கா. எந்த எடத்துல தப்பு பண்ணலாம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள தப்பு தானாவே வந்துடுச்சு."