நான்காவது சக்கரத்தின் காற்று

இது நடந்தது. சம்பந்தப்பட்ட மூன்று பேரையும் தனித்தனியே கேட்டு, அவர்கள் சொன்ன நேரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் எழுதப்படுகிறது. மூவர் சொன்னதும் ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே போகவில்லை. போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். எதையும் வரிசைப்படி செய்கிற ஆள். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். என்ன வேலை செய்தாலும் மணி பார்த்து அதில் குறித்துவிடுவார். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம், வீட்டை ஒட்டிய ஷெட்டில் நின்ற பழைய அமெரிக்கக் கார். ஐம்பத்தாறாம் வருடத்து வண்டி. படகு மாதிரி நீளம். ஸ்டியரிங் இடது பக்கம். முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், ஒரே நீளச் சீட்டு. பதினெட்டு வருடமாக அவரே திருகு திருகாகக் கழற்றிப் பூட்டிய வண்டி அது. வெளியாள் கை பட விடமாட்டார்.

ஆனால் பிரேக் வேலைக்கு மட்டும் இரண்டு பேர் வேண்டும். பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் மிதி பஞ்சு போல அமுங்கும்; வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதியை மூன்று முறை அடித்து, அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே படுத்திருப்பவர் சக்கரத்துக்குப் பின்னாலிருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறப்பார். ஆயிலோடு காற்றும் குமிழ் குமிழாக வெளியே வரும். நிப்பிளை மூடிவிட்டு, "காலை எடு" என்று அவர் சொன்ன பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். பட்ட பாடெல்லாம் வீண்.

மேலே உட்காருவது எப்போதும் அவர் மனைவிதான்.

"என்னைக் கட்டிக்கிட்டதே இந்தப் பிரேக்க மிதிக்கத்தானே?" என்று அந்த அம்மாள் கேட்பார்.

"பின்ன? உன் முகத்தப் பாத்தா கட்டினேன், காலைப் பாத்துத்தான்" என்பார் இவர், வண்டிக்கு அடியிலிருந்து.

"வாய் மட்டும் குறைச்சலே இல்ல. சீக்கிரம் சொல்லுங்க, கால் மரத்துப் போகுது."

அந்தக் கால்தான் ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரேயடியாக மரத்துப் போனது. பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே காலையில் போயின. ஐந்து மாதமாக ஆஸ்பத்திரிக் கட்டில். கடைசியில் டாக்டர், இனி இங்கே செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று இவருக்கும் தெரியும்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அழைத்துவருவதாக முடிவாயிற்று. இந்தக் காரில்.

"ஆஸ்பத்திரி வண்டியே இருக்கேண்ணே" என்றார் எதிர்வீட்டு வெல்டர். தெருவில் அவருக்குப் பெயர் தீப்பொறி. அன்று மாலை ஐந்தரைக்கு, வண்டியைத் தூக்கி நான்கு ஸ்டாண்டில் நிறுத்த அவர்தான் கை கொடுத்தார்.

"அதுல படுக்க வச்சுத்தான் கொண்டு வரணும். இதுல உட்கார வச்சுக் கூட்டிட்டு வருவேன், என் பக்கத்துல."

தீப்பொறி ஜாக்கியை ஓரமாக நகர்த்தினார். "ஒரு வீட்டுல இரும்புக் கேட்டு மாட்டிட்டு ஏழரைக்கு வந்துடறேன். நானே மிதிச்சுத் தரேன். அதுவரைக்கும் சும்மா இருங்க" என்று சொல்லிப் போனார்.

ஆறு மணிக்கு, மனைவிக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் இருந்த அவருடைய அக்கா போன் செய்தார்.

"தம்பி, இப்பவே ஒரு எட்டு வந்துட்டுப் போடா. ஒரு மாதிரியா இருக்கா. வாசலையே பாத்துக்கிட்டிருக்கா."

"பிரேக் ஒண்ணுதான்க்கா பாக்கி. முடிச்சிட்டு எட்டு மணிக்கு வந்துடறேன்."

"பிரேக்கு எங்கடா ஓடிப் போகுது?"

"நாளைக்கு அவளை ஏத்திக்கிட்டு வரணுமில்ல?"

போனை அடுப்படியில் சார்ஜில் போட்டார். ஷெட்டுக்குள் போய்க் கதவை உள்ளே தாழிட்டார், தூசி வராமல் இருக்க. தீப்பொறிக்காகவும் காத்திருக்கவில்லை. நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் பாட்டிலில் முக்கிவிட்டால் ஒற்றை ஆளாகவும் செய்யலாம். அடிக்கொருதரம் எழுந்து போய் மிதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் வலது பின் சக்கரம். மணி ஆறு முப்பத்தெட்டு. குழாயை மாட்டினார். ஸ்பானரைப் பிடித்தார். பதினெட்டு வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லியது.

"அமுக்கு."

க்ரீச்... க்ரீச்... க்ரீச்...

மிதியின் ஸ்பிரிங் சத்தம். மூன்று முறை. அப்புறம் அமைதி. அழுத்திப் பிடித்திருக்கும் அமைதி.

கை தன்பாட்டுக்கு நிப்பிளைத் திறந்தது. ஆயில் குமிழ் குமிழாகப் பாட்டிலுக்குள் இறங்கியது. கை மூடியது. "காலை எடு." டக் என்று மிதி மேலே வந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"யாரு?"

வெளியே ஊர்ந்து வந்து பார்த்தார். கார்க் கதவு நான்கும் சாத்தியபடி. ஷெட் தாழ் போட்டபடி. முன் சீட்டில் யாருமில்லை. ஆனால் இடது ஓரத்தில் சீட்டு குழிந்திருந்தது. அவர் பார்க்கப் பார்க்க, மெல்ல... மேலே எழும்பிச் சமமாயிற்று.

அந்த நேரத்தில் அவருக்குப் பயம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவருக்கு வந்தது ஆசை.

"நீயா?" என்று கேட்டார்.

க்ரீச்.

ஒரே ஒரு முறை.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கீழே போனார். இடது பின் சக்கரம். ஆறு ஐம்பது. "அமுக்கு." மூன்று முறை. திறந்தார். மூடினார். "காலை எடு." டக். பேசிக்கொண்டேகூட வேலை செய்தார்: நாளைக்கு ஜன்னல் பக்கம் உட்காரலாம், மெதுவாகவே ஓட்டுவேன், குளத்துப் பக்கமாகப் போவோம். மேலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

ஏழு நான்கு. வலது முன் சக்கரம். வீட்டுக்குள் போன் அடித்தது. நிப்பிள் திறந்திருந்தது, எழ முடியாது. ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. மறுபடியும்...

"இன்னும் ஒரு சக்கரம்தான்" என்றார், யாரிடமோ.

மிதி இப்போது மெதுவாக இறங்கியது. ஒரு அமுக்கலுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி. ஒவ்வொரு முறையும் கனம் கூடியது. ஒரு மனுஷியின் கால் கனம் இல்லை அது.

ஏழு பதினாறு. இடது முன் சக்கரம். கடைசி.

மிதிக்கு நேர் கீழே அவர் தலை. அந்தக் கால வண்டிகளில் மிதியின் தண்டு தரைத்தகட்டைத் துளைத்துக்கொண்டு கீழே வரும். துளையைச் சுற்றியிருந்த ரப்பர் கிழிந்திருந்தது. கிழிசல் வழியாக மேலே பார்க்கலாம்.

"அமுக்கு."

க்ரீச்...

...க்ரீச்...

...

...க்ரீச்.

நிப்பிளைத் திறந்தார். ஆயில் வந்தது. குமிழ் இல்லை. சுத்தமான ஆயில். முடிந்தது. சந்தோஷத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

கிழிசலில் ஒரு கால்.

வெறுங்கால்.

விரல்கள் உள்பக்கம் மடங்கி இறுகியிருந்தன.

கணுக்காலில் வெள்ளைப் பிளாஸ்திரி. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் மேலே போயிற்று...

பிளாஸ்திரியின் ஓரத்தில் ரத்தம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது.

சூடு இல்லை.

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்கே தெரியாது. நெற்றி பம்பரில் இடித்தது. ஸ்பானர் எங்கோ விழுந்தது. தாழைத் திறந்துகொண்டு தெருவில் ஓடினார். எதிரே வந்த தீப்பொறியின் மேல் மோதி நின்றார்.

நிப்பிளை மூடவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொல்லவும் இல்லை.

போனில் பதினோரு அழைப்புகள். தீப்பொறி தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஏழு ஐம்பதுக்கு வார்டுக்குள் நுழைந்தபோது, கட்டிலில் முகம் வரை துணி மூடியிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கடா போனே? எத்தனை தடவைடா அடிக்கிறது?"

அக்காவே சொன்னார்.

"ஆறரைக்கு நர்ஸ் வந்துச்சு. கையில நரம்பு கிடைக்கலன்னு கால்ல ஊசி குத்திப் பிளாஸ்திரி போட்டுச்சு. கொஞ்ச நேரத்துல அந்தக் கால் அசைஞ்சுதுடா! அஞ்சு மாசமாக் கட்டையாக் கிடந்த கால். மூணு தரம் அமுக்குறா. அழுத்திப் பிடிக்கிறா. எடுக்குறா. மறுபடி மூணு தரம். ஏதோ கணக்கு மாதிரி. பொழைச்சுக்கிட்டாடான்னு சொல்லத்தான் உனக்கு அடிச்சேன். டாக்டரும் வந்து பாத்து, முதல்ல அப்படித்தான் சொன்னாரு. அப்புறம், அவ உடம்பு தாங்காது, நிறுத்தச் சொல்லுங்கன்னாரு. நான் சொல்றேன், எங்க கேக்குறா? வேர்த்து ஊத்துது. நிறுத்தவே மாட்டேங்குறா..."

அக்கா மூக்கைச் சிந்தினார்.

"ஏழு பதினாறுக்குக் கடைசியா அழுத்தினா. அழுத்தினது அழுத்தினதுதான். காலையும் எடுக்கல. மூச்சையும் விடல."

கால்பக்கம் துணி விலகியிருந்தது. வெள்ளைப் பிளாஸ்திரி. ஓரத்தில் ரத்தம். பாதம் கீழ்நோக்கி விறைத்து, கட்டிலின் கம்பியை அழுத்தியபடி நின்றது. இரண்டு நர்சுகள் சேர்ந்து நிமிர்த்திப் பார்த்தார்களாம். முடியவில்லையாம்.

அவர் குனிந்தார். காதருகே போனார்.

"காலை எடும்மா. மூடிட்டேன்."

மூடியிருக்கவில்லை.

இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை கத்தினார். அக்கா வாயைப் பொத்தி வெளியே இழுத்துப் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, திறந்து கிடந்த ஷெட்டைப் பூட்ட தீப்பொறி போனார். போனவர் அரை மணி நேரம் திரும்பவில்லை. வந்தபோது வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. கையில் ஒரு இரும்புக் கம்பி. அது வளைந்திருந்தது.

"அண்ணே, ஆயில் பூராத் தரையில கிடக்கு. மூடிட்டேன். ஆனா..."

"என்ன?"

"மிதி தரையோட ஒட்டிக் கிடக்குண்ணே. ஸ்பிரிங் அறுந்திருக்கும்னு பாத்தேன். அறுந்துபோகல. துருவும் இல்ல. அதான் கம்பியக் குடுத்து நெம்பினேன். அரை அங்குலம் மேல வந்துச்சு."

"அப்புறம்?"

"திருப்பி அமுக்கிட்டாங்கண்ணே."